கேட்டதற்குப் பதில்

ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்
14 ஜூன் 1998

அன்புள்ள அண்ணாவுக்கு வாலாம்பாள் நமஸ்காரம். நான் சௌக்கியம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? மன்னி சொல்கிற தைலத்தைத் தேய்த்துக்கொள்கிறாயா இல்லையா? இங்கே மழை பிடித்துக்கொண்டுவிட்டது. அம்மா போன பிறகு வருகிற முதல் மழைக்காலம். கொல்லைக் கதவு ஊறிப்போய் மூட மாட்டேன் என்கிறது. நானும் அதை இழுத்து இழுத்து அலுத்துப்போய்த் திறந்தே விட்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் ஒரே அமளி. ஸ்ரீகண்டன் என்று புது நிர்வாக அதிகாரி வந்திருக்கிறார். முப்பது வயதுகூட இருக்காது. டெலிபோன் அறையில் ஒயரைச் செருகிப் பேசுகிற அந்தப் பழைய போர்டை எடுத்துவிட்டு டிஜிட்டல் போர்டு வைக்கப் போகிறாராம். யார் கூப்பிடுகிறார்கள், எந்த லைன் என்பதெல்லாம் திரையில் எழுத்தாக வருமாம். பர்சனல் செக்ஷனில் லீவுக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, "சேச்சி, மெஷினைக் கம்பெனிக்காரன் வைப்பான். ஆட்களை யார் தயார் பண்ணுவார்? நீங்கள் சொன்னால் கேட்பார்கள்" என்றார். மறுநாளே ஆர்டரும் அடித்துக் கொடுத்துவிட்டார். எனக்கே மௌஸைப் பிடிக்கத் தெரியாது.

பகலில் ஆபரேட்டர்கள் இரண்டு பேர். பொன்செல்வி மார்த்தாண்டத்துப் பெண். போர்டு மாறப்போகிறது என்று கேட்டதிலிருந்து சாப்பிட மாட்டேன் என்கிறாள். இன்னொருவர் தாணுலிங்கம், சுசீந்திரத்துக்காரர். சின்ன வயதில் காய்ச்சல் வந்து பார்வை போனவர். பழைய போர்டில் அழைப்பு வந்தால் சின்னத் தகடு ஒன்று விழும். அதைத் தடவிப் பார்த்தே இத்தனை வருஷம் வேலை செய்துவிட்டார். திரையை எப்படித் தடவுவது?

உங்கள் பம்ப் தொழிற்சாலையிலும் புது மெஷின்கள் வந்தபோது நீதானே ஆட்களைப் பழக்கினாய்? எப்படிச் செய்தாய் என்று எழுது. மன்னிக்கு நமஸ்காரம்.

உன் வாலா

---

புனே
2 ஜூலை 1998

சிரஞ்சீவி வாலாவுக்கு நாகேஸ்வரனின் ஆசீர்வாதம். முதுகு பரவாயில்லை. மன்னிக்குத்தான் இரண்டு நாள் ஜலதோஷம்.

உன் வேலையில் கஷ்டம் ஒன்றும் இல்லை. மெஷின் வருவது உறுதி என்பதை முதலில் எல்லோருக்கும் சொல்லிவிடு. அரைகுறையாகச் சொன்னால் வதந்தி கிளம்பும். சீக்கிரம் கற்றுக்கொள்கிறவரை முன்னால் நிறுத்து, மற்றவர்கள் பார்த்துப் பின்னால் வருவார்கள். முடியாதவர்களை இரக்கப்பட்டு அதே இடத்தில் வைத்திருக்காதே. வேறு வேலைக்கு மாற்று. இங்கே நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

நான் இப்போது எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக. எனக்குத் தெரிந்த கல்யாணராமன் என்பவர் இங்கே பாங்கில் மேனேஜர். மனைவி தவறிப் பல வருஷம் ஆகிறது. குழந்தைகள் இல்லை. நல்ல மனுஷர். உன் போட்டோவைக் காட்டினேன். அவருக்குச் சம்மதம். அந்தப் பெரிய வீட்டில் நீ தனியாக இருப்பது எங்களுக்குச் சங்கடமாக இருக்கிறது. உன் அபிப்பிராயத்தை உடனே எழுது.

அண்ணா

---

ஸ்ரீவராகம்
20 ஜூலை 1998

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரம். மன்னிக்கு ஜலதோஷம் விட்டதா? மிளகு ரசம் வைத்துக்கொடு. உனக்கு அது ஒன்றாவது வைக்கத் தெரியும்.

நீ சொன்னபடி எல்லோரையும் கூட்டி, போர்டு வருவது உறுதி என்று சொன்னேன். பொன்செல்வி எழுந்து, "மேடம், நாங்க பேசுகதை எல்லாம் அது டேப் பண்ணி மேல அனுப்புமாமே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நம்பவில்லை. கம்பெனி எஞ்சினீயரையே அவள் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்கச் சொன்னேன். ஒரு மணி நேரம் அவரைக் குடைந்தெடுத்துவிட்டாள். அன்று சாயங்காலம் கேண்டீனில் நன்றாகச் சாப்பிட்டாள். இப்போது அவள்தான் எனக்கே மௌஸ் பிடிக்கக் கற்றுத்தருகிறாள்.

தாணுலிங்கம்தான் ஒன்றும் கேட்கவில்லை. "எல்லாரும் படிச்சு முடியட்டும், நான் கடைசியில வருகேன்" என்கிறார். அவர் அப்படிச் சிரித்துக்கொண்டே சொல்வது எனக்கு என்னவோ செய்கிறது. கீபோர்டில் முக்கியமான எழுத்துக்களின் மேல் ஃபெவிகாலைச் சொட்டுச் சொட்டாக வைத்துக் காய விட்டேன், விரலுக்குத் தட்டுப்படட்டும் என்று. தடவிப் பார்த்துவிட்டு, "மேடம் கோலம் போட்டிருக்கீங்களா?" என்றார். அறையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும்தான்.

வேறு விசேஷம் இல்லை. கொல்லைக் கதவுக்கு ஆசாரியை வரச் சொல்லியிருக்கிறேன்.

வாலா

---

புனே
9 ஆகஸ்ட் 1998

சிரஞ்சீவி வாலாவுக்கு ஆசீர்வாதம். எல்லோரும் நலம்.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். கதவைப் பற்றி இருக்கிறது, ஃபெவிகாலைப் பற்றி இருக்கிறது, நான் கேட்டதைப் பற்றி ஒரு வரி இல்லை. கல்யாணராமன் வாரா வாரம் கேட்கிறார். நான் என்ன சொல்வது?

அந்தப் பார்வையில்லாத மனுஷர் விஷயத்தில் நீ மெனக்கெடுவது வீண். அவருக்கு ஒத்து வருகிற வேறு வேலை கொடுக்கச் சொல். அதுதான் அவருக்கும் கௌரவம்.

பதில் எழுது.

அண்ணா

---

ஸ்ரீவராகம்
30 ஆகஸ்ட் 1998

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரம். ஓணம் வருகிறது. பழவங்காடிக் கடைத்தெருவில் கால் வைக்க இடமில்லை. மன்னிக்கு ஜரிகைக் கரை வைத்த நேரியதுப் புடவை ஒன்று வாங்கி பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

நீ சொன்னதைத்தான் ஸ்ரீகண்டனும் சொன்னார். தாணுலிங்கத்தை ஸ்டோருக்கு மாற்றி, பஞ்சும் பாண்டேஜும் மடித்து வைக்கிற வேலை கொடுக்கலாம், சம்பளம் குறையாது என்றார். நான் போய்ச் சொன்னேன். தாணுலிங்கம் பேசிக்கொண்டிருந்த லைனை முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். பிறகு, "மேடம், ஒரு நாளைக்கு எத்தனையோ பேரு எங்கிட்ட பேசுகா. டாக்டரு எங்கன்னு கேக்குகா, அம்மாவுக்கு எப்படி இருக்குன்னு கேக்குகா, அழுகா. பஞ்சு என்ன பேசும்?" என்றார்.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. நேரே ஸ்ரீகண்டன் அறைக்குப் போய்ச் சண்டை போட்டேன். நானா இப்படிப் பேசுகிறேன் என்று எனக்கே ஆச்சரியம். கடைசியில் ஒரு மாசம் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார். எஞ்சினீயரும் நானும் உட்கார்ந்து யோசித்து ஒரு வழி கண்டோம். வார்டுகளிலிருந்து வருகிற அழைப்புக்கு ஒரு சத்தம், அவசர சிகிச்சை லைனுக்கு ஒரு சத்தம். திரையைப் பார்க்காமலே காதால் பிரித்துவிடலாம். தாணுலிங்கம் கேட்டுப் பார்த்து, "ரெண்டும் எனக்கு ஒண்ணு போலத்தான் கேக்கு மேடம்" என்றார். இரண்டு நாளில் பழகிவிடும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். தாணுலிங்கம் கெட்டிக்காரர். பழகிவிடும்.

இரண்டு நாளாக எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. வீட்டில் இந்த அறைக்கும் அந்த அறைக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். மழை விட்டுவிட்டது, வெயில் ஏறவில்லை, அதனால் இருக்கும்.

வாலா

---

புனே
25 செப்டம்பர் 1998

சிரஞ்சீவி வாலாவுக்கு ஆசீர்வாதம். நேரியது மன்னிக்குப் பிடித்திருக்கிறது. கட்டிக்கொண்டு கோவிலுக்குப் போய்வந்தாள்.

கல்யாணராமன் கன்யாகுமரிக்கு வருகிறார். அக்டோபர் பதினெட்டாம் தேதி ஞாயிறு காலை நம் வீட்டுக்கு வருவார். காபி கொடு, பேசு. பிடித்தால் சரி, பிடிக்காவிட்டால் நான் கட்டாயப்படுத்தப் போவதில்லை. வீட்டில் இரு, அதுபோதும்.

உன் கடிதத்தின் ஒரு பக்கத்தில் தாணுலிங்கம் என்ற பெயர் எத்தனை முறை வருகிறது என்று மன்னி கேட்கிறாள். நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை.

அண்ணா

---

ஸ்ரீவராகம்
11 அக்டோபர் 1998

அண்ணாவுக்கு நமஸ்காரம். நான் சௌக்கியம்தான்.

புது போர்டு ஓட ஆரம்பித்ததும் ஒரு விபரீதம் நடந்துவிட்டது. விதுரா பக்கத்திலிருந்து ஒரு வீட்டுக்காரர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த ஆளைப் பாம்பு கடித்துவிட்டது. ஆம்புலன்ஸ் வேண்டும். பொன்செல்வி டீ குடிக்கப் போயிருந்தாள். தாணுலிங்கம் வார்டு லைன் என்று நினைத்து, முதலில் வந்த அழைப்பைப் பேசி முடித்துவிட்டு எடுப்போம் என்று விட்டுவிட்டார். எடுப்பதற்குள் அவர்கள் வைத்துவிட்டார்கள். ஒரு ஜீப்பைப் பிடித்து அவர்களே ஆளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் அவருடைய மகன் டெலிபோன் அறை வாசலில் நின்று போட்ட சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது.

தாணுலிங்கம் எழுந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கம்பை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை. பழவங்காடியில் தங்கியிருந்த லாட்ஜிலும் இல்லை. ஊருக்குப் போய்விட்டாராம்.

ஸ்ரீகண்டன் ஒன்றும் திட்டவில்லை. "சேச்சி, நாம் முயற்சி செய்தோம்" என்றார். திட்டியிருக்கலாம்.

எழுத ஓடவில்லை. மன்னிக்கு நமஸ்காரம்.

வாலா

---

புனே
2 நவம்பர் 1998

வாலாவுக்கு.

கல்யாணராமன் திரும்பி வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறார். பூட்டு. எதிர்வீட்டுப் பிச்சுமணி மாமா அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் காபி கொடுத்திருக்கிறார். கிழக்கே கோட்டை பஸ் ஸ்டாண்டில் நீ நாகர்கோவில் பஸ்ஸில் ஏறுவதைப் பார்த்ததாகவும் சொல்லியிருக்கிறார். கல்யாணராமன் பெரிய மனுஷர், இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத் தலையைத் தொங்கப்போட வேண்டியதாயிற்று.

அன்றைக்கு வீட்டில் இரு என்று எழுதியிருந்தேன். நாகர்கோவிலில் நமக்கு யார் இருக்கிறார்கள்? எங்கே போனாய்?

அண்ணா

---

ஸ்ரீவராகம்
6 டிசம்பர் 1998

அன்புள்ள அண்ணாவுக்கு வாலாம்பாள் நமஸ்காரம். உன் கடிதம் வந்து ஒரு மாசமாகிறது. தினம் எழுத உட்கார்ந்து தினம் எழுந்துவிட்டேன். உனக்கும் மன்னிக்கும் உடம்பு சுகம்தானே?

நான் சுசீந்திரம் போயிருந்தேன். கல்யாணராமன் வரப்போவது ஞாபகம் இருந்தது. இருந்தும் போனேன்.

தாணுலிங்கம் அவருடைய அண்ணா வீட்டில் இருந்தார். குளத்தங்கரைக்கு எதிரே வீடு. என் குரலைக் கேட்டதும் எழுந்துகொண்டார். ஸ்ரீகண்டனிடம் பேசியிருக்கிறேன், இன்னொரு வழி பார்க்கலாம், நீங்கள் வரவேண்டும் என்று நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். கேட்டுக்கொண்டிருந்தவர், "எனக்கு என்ன வேணும்னு நிர்வாகம் தீர்மானிக்கு, எஞ்சினீயர் தீர்மானிக்கான், நீங்க தீர்மானிக்கீங்க. ஒருத்தராவது எங்கிட்ட கேட்டீங்களா?" என்றார்.

"உங்களுக்காகத்தானே எல்லாம் பண்ணினேன்" என்றேன்.

"ரெண்டு சத்தமும் ஒண்ணு போல இருக்குன்னு நான் சொன்னேன். பழகிரும்னு நீங்க சொன்னீங்க. அந்த ஆளு செத்திருந்தா?"

அவருடைய மன்னி கருப்பட்டிக் காபி கொண்டுவந்து வைத்தாள். ஆறுகிற வரைக்கும் இரண்டு பேரும் அதைத் தொடவில்லை. பிறகு நான், "இப்பக் கேக்கறேன். உங்களுக்கு என்ன வேணும்?" என்றேன்.

உடனே சொல்லிவிட்டார். அவசர லைனைப் புது போர்டிலிருந்து பிரித்து, மணி அடிக்கிற சாதாரண போனில் போட்டு அவருடைய இடது கைப் பக்கம் வைக்க வேண்டும். பொன்செல்வி டீ குடிக்கப் போனால் இன்னொரு ஆள் வந்து உட்கார வேண்டும். அவ்வளவுதான். எஞ்சினீயருக்கு அரை நாள் வேலை. ஸ்ரீகண்டன் முகத்தைச் சுளித்தார், அழகான புது அறையில் பழைய போனா என்று. பிறகு சரி என்றார். தாணுலிங்கம் திரும்பி வந்து, விதுராக்காரர் டிஸ்சார்ஜ் ஆகிற அன்று வார்டுக்குப் போய் அவரிடமும் மகனிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். நவம்பர் முழுக்க ஒரு தப்பும் நடக்கவில்லை. லேபிலும் பில்லிங்கிலும் கம்ப்யூட்டர் வைக்கப் போகிறார்கள். இந்தத் தடவை முதலில் எல்லோரிடமும் போய், உங்களுக்கு எது கஷ்டம் என்று கேட்டுவிட்டுத்தான் வகுப்பே ஆரம்பித்திருக்கிறேன்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். தாணுலிங்கம் திரும்பி வந்த மறுவாரம் என்னிடம், "மேடம், நீங்க சுசீந்திரம் வந்தது ஆபீஸ் காரியமாவா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்குப் பிறகு பேசவேண்டியதை நாங்கள் பேசிக்கொண்டோம். கல்யாணராமனிடம் என் சார்பில் வருத்தம் சொல்லிவிடு. மார்ச் மாசம் ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொள்வதாக இருக்கிறோம். நீ வர வேண்டும்.

இதை எழுதி முடித்த பிறகுதான் எனக்கு மூச்சு விட முடிகிறது.

வாலா

---

புனே
20 டிசம்பர் 1998

வாலாவுக்கு.

மன்னி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நானும்தான்.

உனக்கு முப்பத்தொன்பது வயது. புத்தி சொல்கிற வயது இல்லை. ஆனாலும் கேட்கிறேன். பார்வை இல்லாத மனுஷர். நம் மனுஷாளும் இல்லை. நாளைக்கு உனக்கு ஒன்று என்றால் யார் பார்ப்பார்கள்? இரக்கப்படுவது வேறு, வாழ்வது வேறு. அம்மா வருஷாப்தீகம் முடிவதற்குள் இப்படி ஒரு கடிதம் எழுத உனக்கு எப்படி மனசு வந்தது?

ஆஸ்பத்திரியில் எல்லோரையும் மாற்றத்துக்குத் தயார் செய்கிறாயாமே. இதற்கு நான் தயாரில்லை. என்னை எதிர்பார்க்காதே.

நாகேஸ்வரன்

---

ஸ்ரீவராகம்
10 ஜனவரி 1999

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரம். உன் உடம்பும் மன்னி உடம்பும் நன்றாக இருக்க வேண்டும்.

நீ 'அண்ணா' என்று எழுதாமல் பெயரைக் கையெழுத்துப் போட்டிருந்தாய். அந்த இடத்தைத்தான் பலமுறை படித்தேன்.

இரக்கம் இல்லை, அண்ணா. இரக்கப்பட்டிருந்தால் பஞ்சு மடிக்க அனுப்பியிருப்பேன். என்னைக் கோபித்துக்கொள்கிற ஒரு மனுஷர் கிடைத்திருக்கிறார். அம்மா படுக்கையில் கிடந்த காலத்தில் எல்லோரும் என்னைப் பாவம் பாவம் என்றீர்கள். ஒருத்தரும் கோபித்துக்கொள்ளவில்லை.

அம்மாவுக்கு வருஷாப்தீகம் பிப்ரவரியில் முறைப்படி நடக்கும். அது முடிந்துதான் மற்றது. நான் உன் சம்மதம் கேட்டு எழுதவில்லை. வரச் சொல்லி எழுதினேன். இப்போதும் அதையேதான் எழுதுகிறேன்.

வாலா

---

புனே
7 மார்ச் 1999

சிரஞ்சீவி வாலாவுக்கு அண்ணாவின் ஆசீர்வாதம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். அம்மா காரியத்துக்கு நான் வந்தபோது நாம் இருவரும் பேசாமலே இருந்துவிட்டு வந்தது எனக்கு ரயில் பயணம் முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது.

உனக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்தேன். போன செவ்வாய்க்கிழமை உங்கள் ஆஸ்பத்திரிக்கு எஸ்.டி.டி. போட்டேன். உன்னிடம் பேச இல்லை. அவரை நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, பூத்துக்குப் போகும் வழியெல்லாம் மனசில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

எடுத்தவர் மலையாளத்தில் நமஸ்காரம் சொன்னார். "தாணுலிங்கம்தானே? நான் வாலாம்பாளோட அண்ணா" என்றேன். "சொல்லுங்க சார்" என்று ஆரம்பித்தவர், "ஒரு நிமிஷம் சார், வச்சிராதீங்க" என்று சொல்லிவிட்டு வேறு போனை எடுத்துவிட்டார். அவர் பேசுவது எனக்குக் கேட்டது. யாரோ ஒரு பெண் அந்தப் பக்கம் அழுதிருக்க வேண்டும். "பேடிக்கண்டா மோளே" என்று, பயப்படாதே மகளே என்று, திரும்பத் திரும்பச் சொன்னார். வீடு எங்கே, எந்த வளைவில் திரும்ப வேண்டும் என்று அவசரப்படாமல் கேட்டார். வண்டி கிளம்பிவிட்டதைச் சொன்ன பிறகும் வைக்கவில்லை. அந்தப் பெண் நிதானப்படுகிற வரைக்கும் பேசிக்கொண்டிருந்தார். நான் பூத்தில் மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வைத்துவிட்டுப் போகத் தோன்றவில்லை.

திரும்பி வந்து, "மன்னிக்கணும் சார், இப்ப சொல்லுங்க" என்றார். தயார் பண்ணிக்கொண்டு போனதை எல்லாம் விட்டுவிட்டேன். "என் தங்கையைப் பத்தி உங்ககிட்டப் பேசணும்" என்றேன்.

"சார், இது ஆஸ்பத்திரி லைன். ஆறு மணிக்கு மேல என் லாட்ஜ் நம்பர்ல கூப்பிடுங்க. என்ன கேட்டாலும் சொல்லுகேன்."

அவர் சொன்ன நம்பரில் கூப்பிட்டேன். கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டேன். உன்னை எப்படிக் காப்பாற்றுவார் என்று கேட்டபோது, "காப்பாத்துகதுக்கு அவங்க என்ன கொழந்தையா சார்? அவங்களுக்குக் காய்ச்சல் வந்தா நான் கஞ்சி வச்சுக் கொடுப்பேன். எனக்கு வந்தா அவங்க. கோவம் வந்தா ரெண்டு பேரும் சத்தம் போடுவோம். அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல்ல" என்றார்.

"உங்க வீட்டுல சம்மதமா?" என்றேன்.

"எங்க அண்ணன் எங்கிட்ட முகம் கொடுத்துப் பேசி ரெண்டு மாசம் ஆச்சு. ஐயர் வீட்டுப் பொம்பளைய கட்டினா நீ மீனுக்கு எங்க போவன்னு கேக்கான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாலா. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அந்தப் பக்கம் அவரும் சிரித்தார். பூத்துக்காரன் என்னையே பார்த்தான். இதை நீ எனக்கு எழுதவே இல்லையே, அந்தப் பக்கமும் ஒரு அண்ணா முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று?

"அவரோட யார் பேசறது?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க பேசினா கேப்பான் சார்" என்றார்.

கல்யாணத்துக்கு மன்னி வருவதாக இல்லை. நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கிளம்புகிற அன்று வரைக்கும் சொல்வேன். எப்படியும் இருபதாம் தேதி கன்யாகுமரி வண்டியில் நான் ஏறுகிறேன். ஸ்டேஷனுக்கு வந்து காத்திருக்காதே. திருவனந்தபுரத்தில் நான் இறங்கப் போவதில்லை. நேரே நாகர்கோவில் போய், சுசீந்திரத்தில் அவருடைய அண்ணாவைப் பார்க்கிறேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. முதலில் அவருக்கு என்ன கஷ்டம் என்று கேட்கிறேன். பிறகு எனக்கும் அதே கஷ்டம் இருந்தது என்று சொல்கிறேன். இரண்டு நாள் ஆனாலும் சரி, அவரையும் கூட்டிக்கொண்டுதான் ஸ்ரீவராகத்துக்கு வருவேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சமைத்து வை.

அண்ணா